கைமாறிய தட்டுகளில் டெக்னோவின் வரலாறு

(நீள்பதிவு. நேரம் இருக்கும்போது படிக்கவும்.)

பெர்லினில் பயிலும் நண்பரொருவர் சென்ற மாதம் தில்லி வந்தபோது, துணிகளுக்கிடையே பொதிந்து எனக்கோர் இசைத்தட்டு கொண்டுவந்தார். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1990களின் தொடக்கத்தில் அச்சான பன்னிரண்டு அங்குல டெக்னோ தட்டு. அங்கே ஒரு பழைய தட்டுக் கடையில் வாங்கியது. உறையில் படமில்லை, பெயரில்லை. வெறும் கறுப்புத் தாள். நடுச்சீட்டில் முன்னாள் உடைமையாளர் யாரோ நீலப் பேனாவால் 128 என்று எழுதி, அருகில் ஒரு நட்சத்திரமும் வரைந்திருந்தார். மேசை விளக்கின்கீழ்ச் சாய்த்துப் பார்த்தால், பாட்டு முடிந்தபின் ஊசி வெறுமனே சுற்றும் அந்த ஒடுங்கிய வளையத்தில் கீறல்கள் தெரிந்தன. தட்டின் பதிவெண், வெட்டியவரின் குறி, கையால் கீறிய சிறியதொரு வாசகம்.

விடுதி அறையில் உடனிருக்கும் நண்பர் கேட்டார்: "இதே பாட்டு யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறதே, எவரோ பயன்படுத்திக் கழித்ததற்கு இவ்வளவு பணமா?" விடைசொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். நான் சொல்லத் தொடங்கிய காரணம், ஒலி வெதுவெதுப்பாக இருக்கும் என்பது போன்ற வழக்கமான சமாதானம். உண்மையான காரணம் அதுவன்று. மொழியியல் படித்தவர்களுக்குச் சொல்லைவிடச் சொல் எழுதப்பட்ட ஓடும் ஏடும் சில வேளைகளில் கூடுதலாகப் பேசும். எனக்கு இத்தட்டுகளும் அப்படித்தான். நண்பரிடம் பாதியில் விட்ட விடையை இங்கே முழுமையாக எழுதிப் பார்க்கிறேன்.

1. பெயர் வந்த வழி

டெக்னோ என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது ஐரோப்பா: பெர்லினின் இருண்ட கூடங்கள், விடியும்வரை ஆடும் வெள்ளை இளைஞர்கள். பெர்லினின் டெக்னோ பண்பாடு 2024இல் ஜெர்மனியின் தேசிய மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. அது தகுதியான சிறப்பே. ஆயினும் அவ்விசைக்குப் பெயரிட்டவர்கள் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் என்பது ஆண்டுதோறும் சற்றுச் சற்றாக மறைந்துவருகிறது.

டெட்ராய்ட்டுக்கு மேற்கே உள்ள சிற்றூர் பெல்வில். அங்கே ஒரே பள்ளியில் படித்தவர்கள் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். டெட்ராய்ட்டின் எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற வானொலி அறிவிப்பாளர் ஒரே இரவில் பார்லமெண்ட் குழுவையும் பிரின்ஸையும் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவையும் அடுத்தடுத்து ஒலிபரப்புவார். கறுப்பர் இசை, வெள்ளையர் இசை என்ற வேலி அவருடைய நிகழ்ச்சியில் கிடையாது. இம்மூவரின் செவி அங்கே பழகியது.

நகரமோ சரிந்துகொண்டிருந்தது. 1967 ஜூலைக் கலவரத்தில் 43 பேர் இறந்தனர். நகரின் பெருமையாக விளங்கிய மோடவுன் இசை நிறுவனம் 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. கார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1950இல் 18.5 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 2010இல் 7.14 இலட்சமாகச் சுருங்கியது. இந்தச் சரிவின் நடுவே, எந்திரங்களைக் கொண்டே எதிர்காலத்தைக் கற்பனை செய்த இசை பிறந்தது.

அட்கின்ஸ், வியட்நாம் போரில் பணியாற்றித் திரும்பிய ரிக் டேவிஸுடன் சேர்ந்து சைபாட்ரான் என்ற குழுவை அமைத்து 1981இல் முதல் தட்டை வெளியிட்டார். 1985இல் மெட்ரோபிளெக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். ஆல்வின் டாஃப்ளர் 1980இல் எழுதிய 'மூன்றாம் அலை' நூலில் 'டெக்னோ கலகக்காரர்கள்' என்றொரு தொடர் வரும். அட்கின்ஸின் சொல்வளத்துக்கு அந்நூல் ஊற்று. 1988இல் நீல் ரஷ்டன் என்ற ஆங்கிலேயர் இவ்விளைஞர்களின் பாடல்களைத் தொகுத்து வெளியிட முனைந்தபோது, 'டெட்ராய்ட்டின் ஹவுஸ் ஒலி' என்றே பெயரிட எண்ணியிருந்தார். ஹவுஸ் என்பது அண்டை நகரான சிகாகோவின் இசை. அட்கின்ஸ் அளித்த பாட்டின் தலைப்பில் 'டெக்னோ' இருந்தது. தொகுப்பின் பெயர் மாறியது. ஓர் இசைவகைக்குப் பெயர் கிடைத்தது.

அண்டை ஊர்க் கிளைமொழி என்று எண்ணப்பட்ட ஒன்று தனிமொழியென ஏற்கப்பட்ட தருணம் இது. கிளைமொழிக்கும் தனிமொழிக்கும் இடைப்பட்ட கோட்டைப் பெரும்பாலும் இலக்கணம் கிழிப்பதில்லை. தன்னை வேறென்று அறிவிக்கும் துணிவும், அந்த அறிவிப்பை அச்சேற்றும் வாய்ப்புமே கிழிக்கின்றன.

2. கருவிகளும் கைமாறியவையே

கைமாறிய தட்டுகளைப் பற்றிப் பேசுமுன், இவ்விசையை உண்டாக்கிய கருவிகளே கைமாறியவை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் டிஆர்-808 என்ற தாளக் கருவியையும், 1981இன் இறுதியில் டிபி-303 என்ற பேஸ் கருவியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னதை வடிவமைத்தவர் டாடாவோ கிகுமோட்டோ. தனியே பயிற்சி செய்யும் கிதார்க் கலைஞருக்குத் துணையாகப் பேஸ் கிதார் வாசிக்க ஒரு பெட்டி என்பதே 303இன் நோக்கம். அந்த நோக்கத்தில் அது முற்றிலும் தோற்றது. அதன் ஒலி பேஸ் கிதாரைப்போல் இல்லை. அதில் சுரங்களைப் பதியும் முறையும் எளிதன்று. 1984இல் உற்பத்தி நின்றது. விற்காத கருவிகள் அடகுக்கடைகளிலும் பழைய பொருள் கடைகளிலும் சொற்ப விலைக்குக் கிடந்தன.

சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவின் இளைஞர்கள் அப்படியொரு பழைய 303ஐ வாங்கினர். இயக்க முறை தெரியாமல் குமிழ்களைத் திருகித் திருகிப் பார்த்தபோது எழுந்த நெளியும் ஒலியே 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தட்டாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற கிளை அதிலிருந்து வளர்ந்தது. டெட்ராய்ட்டின் டெரிக் மே தம்மிடமிருந்த டிஆர்-909 தாளக் கருவியைச் சிகாகோவின் ஃபிராங்கி நக்கிள்ஸுக்கு விற்றதும் இவ்விசை வரலாற்றில் பலரும் குறிப்பிடும் நிகழ்வு. ஒரு பழைய கருவி கைமாறியதில் இரண்டு நகரங்களின் இசை நெருங்கியது.

'ஆசிட் டிராக்ஸ்' தட்டை வெளியிட்ட டிராக்ஸ் நிறுவனம், பழைய தட்டுகளை உருக்கிய பிளாஸ்டிக்கிலேயே புதியவற்றை அச்சிட்டது என்று சேகரிப்போர் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். அத்தட்டுகளின் இரைச்சலைக் கேட்டவர்களுக்கு இக்கூற்றை நம்புவதில் தயக்கம் இராது.

3. வெட்டும் மேசை

தட்டு உருவாகும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழைய தட்டுகளைப் படிக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில், சூடேற்றிய ஊசி இசையைப் பள்ளமாக வெட்டும். அந்த லாக்கரின்மேல் வெள்ளி தெளித்து, நிக்கலை மின்முறையில் படியவைத்து உரித்தால் எதிர்வடிவம் கிடைக்கும். அதிலிருந்து அச்சுத்தகடுகள் எடுத்து, சூடான வினைலை அவற்றுக்கிடையே அழுத்தினால் தட்டு. ஆகவே வெட்டுபவர் லாக்கரின் வெற்று வளையத்தில் கீறும் எழுத்து, அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு தட்டிலும் வந்து நிற்கும். நடுச்சீட்டைக் கிழித்துவிடலாம், உறையைத் தொலைத்துவிடலாம். இந்தக் கீறலை அழிக்க முடியாது. கொடுமணலிலும் கீழடியிலும் பானை ஓட்டில் கீறிய பெயர்கள், உடைந்த பானையையும் தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆழ்ந்த பேஸ் ஒலிக்குப் பள்ளம் அகலமாக நெளிய வேண்டும். அதற்கு இடம் வேண்டும். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஒன்றோ இரண்டோ பாட்டு மட்டும் இருக்கக் காரணம் இதுதான். இது வீட்டில் கேட்பதற்கான பொருளன்று, நடனக்கூடத்தில் டி.ஜே.யின் கைக்கருவி. நடுச்சீட்டில் நீலப் பேனாவால் எழுதிய 128, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு. ஒரு பாட்டை அடுத்ததோடு இழைக்க அந்த எண் வேண்டும். நட்சத்திரம்? 'இது ஆட்டத்தைத் தூக்கும்' என்று அவர் தமக்கே எழுதிவைத்த குறிப்பாக இருக்கலாம்.

டெட்ராய்ட்டில் 1965இலிருந்து இயங்கிவரும் ஆர்ச்சர் என்ற குடும்பத் தொழிற்சாலை இவ்விளைஞர்களின் தட்டுகளை அச்சிட்டது. வெட்டிக்கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ரான் மர்ஃபி. அவர்களைவிட மூத்தவர்; வெள்ளையர்; பழைய டெட்ராய்ட் சோல் இசைத்தட்டுகளில் தோய்ந்தவர். அவர் வெட்டிய தட்டின் வெற்று வளையத்தில் என்எஸ்சி என்ற குறி இருக்கும். மோடவுன் போய்விட்ட நகரில், முந்தைய தலைமுறையின் தட்டு நுட்பம் அடுத்த தலைமுறைக்கு இவர் மேசையின் வழியாகவே கைமாறியது.

ஜெஃப் மில்ஸுக்கு அவர் வெட்டிக்கொடுத்த மூடிய வளையங்கள் தனிக்கதை. எந்தத் தட்டிலும் பாட்டு முடிந்தபின் ஊசி வெளியேறாதிருக்கக் கடைசிப் பள்ளம் தன்னோடு தானே இணைந்திருக்கும். அந்த மூடிய பள்ளத்திலேயே இசையை வைத்தால், ஊசியை எடுக்கும்வரை அது முடிவின்றி ஒலிக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே முக்கால் சுற்று என்று பலர் தவறாகச் சொல்வர். சரியான கணக்கு முப்பத்து மூன்று, மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அதற்குள் நான்கு துடிப்புகள் சரியாக அடங்கினால்தான் வளையம் தடுக்காமல் சுழலும். கணக்கிட்டால் நிமிடத்துக்கு 133 துடிப்புக்குச் சற்று மேல். அது டெக்னோவின் இயல்பான நடையும்கூட. 1994இல் ஆக்சிஸ் நிறுவனத்தில் மில்ஸ் வெளியிட்ட 'சைக்கிள் 30' தட்டில் இத்தகைய வளையங்கள் உண்டு. பொருளின் விதியே இங்கே தாளத்தின் இலக்கணமாகிவிடுகிறது. இதைக் கணினிக் கோப்பாக்கினால் சில நொடி ஒலி மட்டுமே எஞ்சும், முடிவின்மை போய்விடும். நண்பரின் யூடியூப் கேள்விக்கு என் முதல் விடை இது.

4. எண்கள் சொல்லும் சாட்சியம்

1990ஐ ஒட்டி மைக் பேங்க்ஸும் மில்ஸும் தொடங்கி, ராபர்ட் ஹூடும் இணைந்த அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் அமைப்பு, பெருநிறுவனங்களைச் சாராமல் தாமே இசையமைத்து, தாமே வெளியிட்டு, தாமே விநியோகிப்பது என்று முடிவெடுத்தது. அவர்கள் முகமூடி அணிந்தே மேடையேறினர். முகம் வேண்டாம், ஒலி போதும் என்பது அவர்கள் கொள்கை. தட்டின் வெற்று வளையத்தைச் செய்திப் பலகையாகவே பயன்படுத்தினர்.

பெர்லினில் மார்க் எர்னெஸ்டஸ் 1989இல் ஹார்ட் வாக்ஸ் என்ற தட்டுக்கடையைத் திறந்தார். சுவர் வீழ்ந்தபின், 1991இல், பழைய வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் ட்ரெசர் என்ற நடனக்கூடம் தொடங்கியது. அதே பெயரில் ஒரு வெளியீட்டு நிறுவனமும் எழுந்தது. அந்நிறுவனத்தின் முதல் பதிவெண் கொண்ட தட்டு எது? எக்ஸ்-101 என்ற பெயரில் பேங்க்ஸ், மில்ஸ், ஹூட் மூவரும் செய்தது. பெர்லின் டெக்னோவின் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்று என்ற எண்ணை டெட்ராய்ட்டின் கறுப்பினக் கலைஞர்களுக்கு அளித்தது. 1993இல் அதே நிறுவனம் வெளியிட்ட தொகுப்பொன்று பெர்லின், டெட்ராய்ட் இரண்டையும் கூட்டாளிகள் என்றே தலைப்பில் சொல்கிறது.

யார் முதலில், யார் யாரிடம் கற்றார் என்ற பூசலுக்கு நினைவுகளையும் நேர்காணல்களையும் விடப் பதிவெண் உறுதியான சான்று. நினைவு மாறும், அச்சான எண் மாறாது. அதனால்தான் மறு அச்சு எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் முதல் அச்சைத் தேடுகிறோம். முதல் அச்சில்தான் அன்றைய முகவரி, அன்றைய எழுத்துப்பிழை, வெட்டியவர் குறி எல்லாம் இருக்கும்.

5. சந்தையும் அதன் சொற்களும்

இத்தட்டுகள் பழைய கடைகளுக்கு வந்தது எப்படி? 2001இல் பயனியர் நிறுவனத்தின் சிடிஜே-1000 வந்தது. அதை ஒட்டியே, கணினியில் உள்ள கோப்பை வினைல் தட்டால் இயக்கும் ஃபைனல் ஸ்கிராட்ச் வந்தது. அதை உருவாக்கிப் பரப்புவதில் பங்கேற்றவர்களுள் ஒருவர் ரிச்சி ஹாட்டின். டெட்ராய்ட்டுக்கு ஆற்றின் மறுகரையில் வளர்ந்து, டெட்ராய்ட்டில் இசை பயின்றவர். ஒரு டி.ஜே. ஊர் ஊராகச் சுமந்த தட்டுப்பெட்டிகளின் எடை ஒரு மடிக்கணினிக்குள் அடங்கியது. பெட்டி பெட்டியாகத் தட்டுகள் விற்பனைக்கு வந்தன.

அதே காலத்தில் அவற்றைப் பட்டியலிடும் இடமும் உருவானது. கெவின் லெவாண்டோவ்ஸ்கி என்ற நிரலர் 2000இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தொடங்கிய டிஸ்காக்ஸ் தளம், முதலில் மின்னிசைத் தட்டுகளை மட்டுமே பட்டியலிட்டது. இன்று எல்லா இசைக்கும் உரிய பெரும்பட்டியல் அது. தட்டு வைத்திருப்போரே ஒவ்வொரு பதிப்பின் நடுச்சீட்டையும் வெற்று வளையக் கீறலையும் பார்த்துப் பதிவிடுகின்றனர். ஒரே பாட்டின் இரண்டு அச்சுகளுக்கு இடையே கீறலில் ஓரெழுத்து வேறுபட்டாலும் தனிப்பதிவு. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிக்கும் உழைப்புக்கு இது சற்றும் குறைந்ததன்று. ஊதியமின்றிச் செய்கின்றனர் என்பதுதான் வியப்பு.

அங்கே என்னை மிகவும் கவர்வது தரச்சொற்கள். தட்டின் நிலையைக் குறிக்க ஒரு வரிசை உண்டு: மிண்ட், நியர் மிண்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட். 'வெரி குட்' என்றால் இரைச்சல் கேட்கும். 'குட்' என்றால் ஆழக் கீறியது, ஓடும், அவ்வளவுதான். நல்லது என்ற சொல் அடித்தட்டில் கிடக்கிறது! நறுமணத்தையும் சுட்டிய 'நாற்றம்' என்ற நம் சொல் இன்று அடைந்திருக்கும் கதியை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வோம். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. சந்தை சில பத்தாண்டுகளில் அதைச் செய்துமுடித்திருக்கிறது. விற்பவர்க்குக் குறைகூற மனமில்லை. வாங்குபவர்க்கு உண்மை வேண்டும். இரண்டுக்கும் இடையே சொல் தேய்கிறது. இலக்கணம் அறிந்தும் நான் ஏமாந்ததுண்டு. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 'வெரி குட்' தட்டொன்றை வாங்கி, சுங்கவரியும் கட்டிப் பிரித்தபோது, அது அப்பளம்போல் வளைந்திருந்தது. அகராதிப்பொருளில் படித்தது என் பிழை.

6. தில்லிக் கடையில் கிடைத்த தட்டு

இவ்வளவுக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பில்லையா என்று கேட்கலாம். உண்டு, அது நான் வாழும் இந்நகரத்திலேயே நிகழ்ந்தது.

2002இல் எடோ பவ்மன் என்ற டச்சுச் சேகரிப்பாளர் தில்லியின் கடையொன்றில் ஓர் இசைத்தட்டைக் கண்டெடுத்தார். கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா வெளியிட்டது. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982இல் பதிவுசெய்தது. டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள் என்பது தலைப்பின் சாரம். பைரவி, லலித், பூபாளி, மேக மல்ஹார் என்று வரிசை. கருவிகளோ ரோலண்டின் ஜுபிடர்-8, டிஆர்-808, டிபி-303. வெளிவந்தபோது எவரும் பொருட்படுத்தவில்லை. பவ்மன் கேட்டதோ ஆசிட் ஹவுஸ்! 'ஆசிட் டிராக்ஸ்' வெளிவருவதற்கு ஐந்தாண்டு முன்னர் பதிவானது. சரண்ஜித் சிங்கை மும்பையில் தேடிக் கண்டார். 2010இல் மறு அச்சு வந்தது. ஐரோப்பிய இசைக்கலைஞர் எவரோ புனைபெயரில் செய்த குறும்பு இது என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். பழைய மூலத்தட்டு ஒன்று கையில் இருந்ததும், அதைச் செய்தவர் உயிரோடிருந்ததும் அந்த ஐயத்தைப் போக்கின. எழுபது வயதில் அவர் ஐரோப்பிய மேடைகளில் அவ்விசையை மீண்டும் வாசித்தார். 2015 ஜூலையில் மறைந்தார்.

இதன்பின் நம் சமூக ஊடகங்களில் ஒரு வாசகம் ஆண்டுக்கொருமுறை சுற்றிவருகிறது: ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தது இந்தியா. இப்பதிவை எழுதத் தூண்டிய இன்னொரு காரணம் அதுவே.

மொழியியலில் முதல் பருவத்திலேயே கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் 'பேட்' என்றால் கெட்ட. பாரசீகத்திலும் 'பத்' என்றால் கெட்ட. தில்லித் தெருவில் அன்றாடம் கேட்கும் 'பத்நாம்' என்ற சொல்லில் இருப்பது அதுதான். ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை. இரண்டுக்கும் பொதுவான மூலச்சொல்லும் இல்லை. ஒப்புமை உறவுக்குச் சான்றாகாது. உறவை நிறுவ, ஒன்று மற்றதை எட்டிய வழியைக் காட்ட வேண்டும். இங்கே அந்த வழி இல்லை. சிகாகோ இளைஞர்கள் அத்தட்டைக் கேட்டதற்குச் சான்றில்லை. ஒத்திருப்பதற்குக் காரணம் கருவி ஒன்று என்பதே.

உற்றுக்கேட்டால் வேறுபாடும் தெளிவு. 303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்கிச்செல்லும் வசதி உண்டு. இந்துஸ்தானி இசையின் மீண்டுக்குச் சற்றேனும் ஈடுகொடுக்கும் எந்திரம் சரண்ஜித் சிங்குக்கு அதில் கிடைத்தது. அவருக்கு மையம் இராகத்தின் சுரப்போக்கு. எந்திரம் அதற்கு ஏவலாள். ஃபியூச்சர் குழுவுக்குச் சுரவரிசை மிகச் சிறியது. குமிழைத் திருகி ஒலியின் நிறத்தை மாற்றிக்கொண்டே போவதுதான் இசை. ஒருவர் புதிய கருவியைக் கையிலெடுத்துப் பழைய இலக்கணத்தை வாசித்த தொழில்முறைக் கலைஞர். மற்றவர்கள் பிறர் கழித்த கருவியில் இலக்கணமே இல்லாத ஒன்றைத் தேடியவர்கள். முதலிடம் என்ற ஒற்றைப் பதக்கத்தை ஒருவர் கழுத்தில் மாட்டினால் இருவருடைய உழைப்பும் மறைந்துவிடும். சரண்ஜித் சிங்கின் பெருமை அவர் சிகாகோவின் முன்னோடி என்பதன்று. சிகாகோவைச் சாராமலே அவர் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதே.

7. பணம் எங்கே போகிறது

இறுதியாக, எனக்கே சங்கடம் தரும் செய்தி. நண்பரின் கேள்வியில் 'இவ்வளவு பணமா' என்ற பகுதி இன்னும் எஞ்சியிருக்கிறது.

அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் 1999இல் வெளியிட்ட டி.ஜே. ரொலாண்டோவின் 'நைட்ஸ் ஆஃப் தி ஜாகுவார்' பெரும்புகழ் பெற்றது. உரிமம் கிடைக்காத நிலையில் சோனியின் ஜெர்மன் கிளை அதைச் சுரத்துக்குச் சுரம் நகலெடுத்து வெளியிட முனைந்தது. உலகெங்கும் இருந்த இரசிகர்கள் மின்னஞ்சல் மழை பொழிந்து எதிர்த்தனர், அந்நிறுவனம் பின்வாங்கியது. நகலை எதிர்க்க இரசிகர்களால் முடிந்தது. ஆனால் அதே இரசிகர்கள் மூலத்தட்டைத் தமக்குள் விற்று வாங்கும்போது, ஒரு காசும் செய்தவர்க்குப் போவதில்லை. அது சட்டப்படி சரியே; பழைய புத்தகத்தை விற்றால் ஆசிரியருக்குப் பங்கு தருவதில்லை அல்லவா? ஆயினும் புத்தகம் முப்பது மடங்கு விலைக்குப் போவதில்லை. அமெரிக்காவில் 2020இல், 1980களுக்குப்பின் முதன்முறையாக, வினைல் வருவாய் குறுந்தட்டு வருவாயை முந்தியது. அந்த அலையில் பழைய தட்டுகளின் விலையும் ஏறியது. சரிந்துபோன நகரத்தில், கழித்துப்போட்ட கருவிகளால் செய்த பொருள், செய்தவர்களின் அண்டை வீட்டார்க்கே எட்டாத விலைக்குச் சில வேளைகளில் போகிறது.

இதற்கு என்னிடம் தீர்வில்லை. ஒரு பழக்கம் மட்டும் உண்டு. பழைய தட்டொன்று வாங்கினால், அதைச் செய்தவர் அல்லது அவர் நிறுவனம் இன்று நேரடியாக விற்கும் ஒன்றையும், மறு அச்சோ கோப்போ, கூடவே வாங்குவது. மாணவ உதவித்தொகையில் இதனால் என் சேகரிப்பு பதினேழு தட்டுகளைத் தாண்டவில்லை. தாண்ட வேண்டிய தேவையும் இல்லை. எதிர்ப்பக்கத்தையும் மறக்கவில்லை: தில்லிக் கடைக்காரர் அந்தப் பழைய தட்டை எடைக்குப் போட்டிருந்தால், சரண்ஜித் சிங்குக்கு அந்த முதுமைக்கால மேடை கிடைத்திராது. கைமாறுவது செய்தவர்க்குப் பணம் தருவதில்லை. ஆனால் செய்தவரை மறதியிலிருந்து மீட்கிறது. அந்த மீட்புக்குத்தான் நான் பணம் கொடுத்தேன் என்று நண்பரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் தட்டுகள் கிடந்தால், அவை டெக்னோவாக இருக்க வேண்டியதில்லை. பக்திப்பாடலோ, திரைப்பாடலோ, எவரும் பேர்கேளாத மெல்லிசைக் குழுவோ எதுவாயினும், விற்கும் முன் ஒருமுறை விளக்கின்கீழ்ச் சாய்த்துப் பாருங்கள். வெற்று வளையத்தில் உள்ள எண்ணையும் கீறலையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். நடுச்சீட்டில் எவரேனும் பேனாவால் ஏதாவது எழுதியிருந்தால் அதைத் துடைக்காதீர்கள். கருத்துப்பெட்டியில் அப்படங்களைப் பகிர்ந்தால் சேர்ந்து படிக்கலாம்.